வீட்டுக்கார அண்ணைக்குச் சொன்ன ஹொக்கி

வெக்ஸ்போர்ட் என்ற நகர்ப் பகுதியில் நானும் கணவரும் முதலில் குடியிருந்தது ஒரு வீட்டின் பேஸ்மென்டில். மட்டக்களப்பிலிருந்து நான் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலையில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பன் அடுக்கும் வேலை. மூன்றரைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில் அவர் தன் வேலைக்குப் போயிருப்பார். கிழமை நாட்களில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுகள் வழியாகத்தான். 'மீன் குழம்பு இரண்டாம் தட்டில்.' 'ஹீட்டரைக் குறைக்கவும்.'

மேலே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். மகள் ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் மாலை வேலை செய்தார். அவருடைய கணவருக்கு, நாங்கள் அண்ணை என்று கூப்பிட்டவருக்கு, அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. நீரிழிவில், ஊரில் சொல்லும் சீனி வருத்தத்தில், இரண்டு கண்ணும் போய் இரண்டு வருடம். அதற்கு முன் பதினாறு வருடம் நகரத்தின் நடுவில், ஐஸ் ஹொக்கி அரங்குக்கு இரண்டு தெரு தள்ளி, கார் நிறுத்துமிடம் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து சீட்டுக் கொடுத்தவர். நகரத்து அணியின் நீலச் சட்டை போட்ட சனம் காரை விட்டுவிட்டு அரங்குக்கு நடந்து போகும். அண்ணை கூண்டுக்குள்ளே காலடியில் ஹீட்டரும் மேசையில் ஒரு சின்ன டிவியுமாக அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினாறு வருடத்தில் ஒரு தடவையும் அரங்குக்குள்ளே போனதில்லை. ஆனால் திரும்பி வரும் சனத்தின் நடையைப் பார்த்தே, டிவி இல்லாவிட்டாலும், வென்றதா தோற்றதா என்று சொல்லிவிடுவாராம்.

ஏப்ரலில் ஒருநாள் அக்கா உடுப்புத் தோய்க்கக் கீழே வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, பின்னேரத்திலை நீ சும்மாதானே இருக்கிறாய்? பிளே ஓஃப் தொடங்குது. அவருக்குப் பக்கத்திலை இருந்து என்ன நடக்குதெண்டு சொல்லுவியோ?"

"எனக்கு ஹொக்கி தெரியா அக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமே? நான் சொன்னா அவருக்குக் கோவம் வருது. 'ஓடுகினம், ஓடுகினம், இப்ப இஞ்சாலை ஓடுகினம்' எண்டுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

ரேடியோவில் கேட்கலாமே என்று நான் அண்ணையிடமே கேட்டேன். அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார்.

"கேக்கலாம். உவன் மெஷின் மாதிரிச் சொல்லுறான். நான் அதைத் தமிழாக்கி விளங்கிறதுக்கிடையிலை அங்கை வேறை என்னவோ நடந்து முடிஞ்சிடும். மற்றது, அவன் ஊருக்கெல்லாம் சொல்லுறான், தங்கச்சி. எனக்கெண்டு ஒராள் சொல்லவேணும்."

அப்படித்தான் தொடங்கியது. பிளே ஓஃப் இப்படி: வழக்கமான பருவம் முடிந்த பிறகு பதினாறு அணிகள் மிஞ்சும். இரண்டிரண்டாக மோதும். ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரைக்கும் போகலாம். நான்கை முதலில் வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார். இப்படி நான்கு சுற்றைத் தாண்டினால்தான் கிண்ணம். எங்கள் நகரத்து அணி அந்தக் கிண்ணத்தைக் கடைசியாகத் தூக்கியது நான் பிறப்பதற்கு முன்னால். கடைசியாக முதற் சுற்றைத் தாண்டியதுகூட அண்ணை கூண்டுக்குள் வேலை செய்த பழைய காலத்தில்தான். இதையெல்லாம் முதல் நாளே சொல்லித்தான் என்னை டிவிக்கு முன்னால் இருத்தினார்.

முதல் ஆட்டத்தில் எனக்கு வாயே வரவில்லை. ஐஸில் பத்துப் பேர் சறுக்கிக்கொண்டு திரிகிறார்கள். கறுப்பாக ஒரு சின்ன வட்டு, கண்ணுக்குத் தெரிந்தால்தானே. "அடிச்சிட்டான். மறுகா எடுத்திட்டான். மறுகா இவன் கிறுகி அங்கால போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்; பிறகு என்பதற்கு எங்கள் ஊரில் மறுகா. அண்ணை சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"கிறுகியோ? கிறுகி எண்டா?"

"திரும்பி."

"மட்டக்களப்பார் திரும்பமாட்டினமோ?"

"நாங்க கிறுகுவம் அண்ணை."

அதற்குப் பிறகு எந்த ஆட்டக்காரன் திரும்பினாலும் அவரே முந்திக்கொண்டு "கிறுகிட்டானோ?" என்று கேட்பார். 'பக்' என்று சொல்ல எனக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. வட்டு என்றேன், அது அப்படியே நின்றுவிட்டது. தப்பாட்டம் ஆடியவனை இரண்டு நிமிடம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்காரவைப்பார்கள். அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "அண்ணை, அவன மறியல்ல போட்டுட்டாங்க" என்றேன். ஊரில் மறியல் என்றால் சிறைதான். அண்ணை கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எத்தினை வருசம்?" என்றார். "ரெண்டு நிமிசம்" என்றேன்.

மூன்றாம் ஆட்டத்தில் ஒரு பிழை விட்டேன். ஆட்டம் எதிரியின் ஊருக்கு மாறியிருந்தது. அங்கே போனால் எங்கள் ஆட்கள் வெள்ளைச் சட்டை போடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எதிரிக்கும் நீலம்தான். ஐந்து நிமிடமாக நான் எதிரிகளை எங்கள் ஆட்கள் என்று நினைத்துப் புகழ்ந்துகொண்டிருந்தேன். "நல்லா அடிக்கிறாங்க அண்ணை, விடுறாங்களே இல்ல" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"தங்கச்சி, அது அவங்கடை ஊர். எங்கடை ஆக்கள் நல்லா அடிச்சா அந்தச் சனம் ஏன் சந்தோசப்படுது? சட்டையை ஒருக்காப் பார்."

பார்த்தேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர், "சரி, இனி எங்கடை ஆக்களைச் சொல்லு" என்றார்.

அடுத்த நாள் பேக்கரியில் எங்கள் வரிசைக்குப் பொறுப்பான பெண்ணிடம் போனேன். நியூஃபவுண்ட்லாந்துக்காரி, பெரிய கைகள், சிறுவயதில் அண்ணன்மாரோடு உறைந்த குளத்தில் விளையாடி வளர்ந்தவள். 'ஐசிங்' என்றால் என்னவென்று கேட்டேன். அவள் கேக்குக்குப் பூசும் ஐசிங் வாளியைக் காட்டினாள். ஹொக்கியில் என்றேன். அவளுக்குக் கண் விரிந்தது. சாப்பாட்டு இடைவேளையில் மேசையில் பன்களை இரண்டு பக்கமும் அடுக்கி, தன் பாதியிலிருந்தே வட்டை அடித்து மறுமுனைக் கோட்டுக்கு அப்பால் துரத்திவிடுவதுதான் ஐசிங் என்று ஒரு போத்தல் மூடியைச் சுண்டிக் காட்டினாள். மூடி போய்ப் பக்கத்து மேசைக்காரரின் சூப்புக்குள் விழுந்தது. அந்தக் கிழமை முழுக்க இடைவேளைகளில் எனக்கு அதுதான் பாடம். தொழிற்சாலையில் அதுவரை என்னோடு ஒரு சொல் பேசியிராதவர்களெல்லாம் வந்து, நேற்றைய ஆட்டத்தைப் பற்றி என்னிடம் முறையிட்டுவிட்டுப் போனார்கள்.

நான் தேறினேன். வட்டு எங்கே நிற்கிறது என்பதைவிட, அது அடுத்து எங்கே போகப் போகிறது என்பதைச் சொல்லவேண்டும் என்று விளங்கியது. வலைக்கு முன்னால் நிற்கும் கோலியின் தோள் எப்படி ஆடுகிறது, மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கும் வாங்கில் இருந்து யார் எழும்புகிறான், பயிற்றுநர் எப்படி சுவிங்கத்தைச் சப்புகிறார் என்பதையெல்லாம் சொன்னேன். அண்ணை கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, உடம்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்துக் கேட்பார். அவர் சரியும் பக்கத்தைப் பார்த்தால் நான் சொன்னது அவருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் நாங்கள் இரண்டு வென்று மூன்று தோற்று, தொடர் ஆறாவது ஆட்டம் வரை இழுபட்டது. அதுவும் எதிரியின் ஊரில்தான். அண்ணை அன்று முழுகி, வெளியே போகிறவர்போலச் சட்டை போட்டு, ஐந்து மணிக்கே கதிரையில் இருந்துவிட்டார். பிளே ஓஃப் தொடங்கியதிலிருந்து ஆட்டக்காரர்களைப்போல அவரும் சவரம் செய்வதில்லை. இரண்டு கிழமைத் தாடி, பாதி நரை. கடைசிப் பகுதியில் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. ஏழு நிமிடம் இருந்தது. எதிரணிக்காரன் ஒருவன் மூலையிலிருந்து வட்டைத் தட்டிவிட, எங்கள் கோலியின் காலில் பட்டு உள்ளே போய்விட்டது.

அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. என்ன நினைத்தேனோ தெரியாது.

"கோலி பிடிச்சிட்டார் அண்ணை" என்றேன்.

டிவிக்குள் அரங்கு அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் டிவிப் பக்கம் காதைத் திருப்பினார்.

"பிடிச்சா உந்தச் சனம் ஏன் கத்துது?"

திரையில் எங்கள் கோலி வலைக்குள்ளிருந்து வட்டைத் தட்டி வெளியே விட்டார்.

"கோலோ?"

"ஓம் அண்ணை."

"எத்தினை நிமிசம் கிடக்கு?"

"ஏழு."

அவர் கையை நீட்டி மேசையில் தடவி, ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். ஏழு நிமிடம் மிச்சமிருந்தது, அவர் நிறுத்திவிட்டார். "நீ போ தங்கச்சி. களைச்சிருப்பாய்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான் படியிறங்கிக் கீழே வந்து எங்கள் சின்ன டிவியில் மிச்சத்தைப் பார்த்தேன். தோற்றுவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான்கு நாள் மேலே போகவில்லை. ஐந்தாம் நாள் பின்னேரம், அக்கா வேலைக்குப் போன பிறகு, மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணை சவரம் செய்திருந்தார். தேநீர் ஊற்றச் சொன்னார். இரண்டு பேரும் குடித்தோம்.

"தங்கச்சி," என்றார், "கண்ணுக்கு முதல் ஒப்பரேசன் செய்து முடிய, இனித் திரும்பி வராதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். என்னட்டை இல்லை. அக்காவிட்டை. இவ எனக்கு மூண்டு மாசம் சொல்லேல்லை. நான் ஒவ்வொரு நாளும் எழும்பி, இண்டைக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடவோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். மூண்டு மாசம். பாவம், அவ இரக்கத்திலைதான் மறைச்சவ. எனக்குத் தெரியும். ஆனா அந்த மூண்டு மாசமும் நான் ஒரு விசரன் மாதிரி இருந்திருக்கிறன், எல்லாருக்கும் முன்னாலை."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தோத்தா தோத்ததெண்டு சொல்லு. எனக்குத் தோக்கத் தெரியும். நான் எந்த அணிக்காரன் எண்டு யோசிச்சுப் பார்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அவருக்கு எதையும் குறைத்துச் சொன்னதில்லை. அவருடைய சட்டைக் கழுத்து நைந்துபோனது, முன்பக்க வேலியில் இரண்டு பலகை கழன்று தொங்குவது, அக்காவின் தலை நரைத்துவிட்டது எல்லாவற்றையும் கேட்டால் கேட்டபடி சொன்னேன். அக்காவின் நரையைச் சொன்னபோது மட்டும் தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அவ சொல்லேல்லை" என்றார்.

அந்த பேஸ்மென்டில் நான்கு வசந்தம் இருந்தோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் நம்பிக்கை, மே பிறக்குமுன் அணி தோற்று வீடு. பிறகு நாங்கள் அதே நகரத்தில் வோபர்ன் என்ற பகுதியில் ஒரு அடுக்குமாடிக்கு மாறினோம். சாமான்களை ஏற்றும் நாளில் அண்ணை வாசலில் வந்து நின்று, "பிளே ஓஃபுக்கு என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். போன் இருக்கிறதே என்றேன்.

போனில் சொல்லிப் பார்த்தோம். அதில் ஒரு புதுச் சிக்கல். நான் இணையத்தில் பார்ப்பேன். அவர் வீட்டில் கேபிள். அவருடைய டிவி என்னுடையதைவிட அரை நிமிடம் முந்தி ஓடும். நான், "இவன் வட்டை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணை அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவார். "கோல் விழுந்திட்டுது தங்கச்சி. இனி எப்பிடி விழுந்ததெண்டு ஆறுதலாச் சொல்லு." கடைசியில் அவர் தன் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, முழுக்க முழுக்க என் வாயை நம்பி இருக்கத் தொடங்கினார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அது நடந்தது. ஆறாவது ஆட்டம், சமன், மேலதிக நேரம்; முதற் கோலை நாங்கள் போட்டால் அடுத்த சுற்று. தொழிற்சாலையில் ஓவர்டைம் என்றால் கசக்கும் எனக்கு அந்த ஓவர்டைமில் கதிரையில் இருக்க முடியவில்லை, எழும்பி நின்றே சொன்னேன். கணவரும் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் ஆள் ஒருவன் அடித்த வட்டு எதிராளியின் சறுக்குச் சப்பாத்தில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. நான் துள்ளிக் குதித்தேன். போனில் அண்ணை, "என்ன? என்ன நடந்தது? சொல்லன்" என்கிறார். கணவர்தான் குனிந்து போனுக்குள் சொன்னார்: "அண்ணே, நாம வெண்டுட்டம்."

அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம். பிறகு அக்காவின் குரல்: "இவர் எழும்பி நிக்கிறார், தங்கச்சி. சும்மா நிக்கிறார்." கீழே தெருவில் கார்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. பல்கனிக் கதவைத் திறந்து போனை வெளியே நீட்டிப் பிடித்தேன்.

அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்துக்கு அவரை அரங்கு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே போகச் சீட்டு வாங்குவது எங்களால் முடிகிற காரியமல்ல. ஆனால் வெளியே சதுக்கத்தில் பெரிய திரை வைப்பார்கள், ஆயிரக்கணக்கில் சனம் நின்று பார்க்கும். பஸ், பிறகு சப்வே ரயில். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போகும் வழியில் பழைய கார் நிறுத்துமிடத்தைக் கேட்டார். அந்த இடத்தில் ஐம்பது மாடியில் ஒரு கட்டடம் நிற்பதைச் சொன்னேன். "என்ரை கூண்டு எந்த மாடியிலை இருக்குதாம்?" என்றார்.

சதுக்கத்தில் நெருக்கம். நான் அவருடைய காதுக்குள் சொல்லத் தொடங்கினேன்; இரைச்சலில் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன். முன்னால் நின்ற இரண்டு இளம் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீலச் சட்டை, முகத்தில் நீலக் கோடு, தமிழ்ப் பிள்ளைகள்.

"அன்ரி, நீங்க கொமென்ட்ரி செய்யிறீங்களா? இன் டமில்?"

"ஓம் பிள்ளை. அவருக்குக் கண் தெரியாது."

"வட் இஸ் மறியல்? நீங்க அடிக்கடி சொல்றீங்க."

"ஜெயில்" என்றார் அண்ணை.

அவர்கள் ஒருத்தியையொருத்தி பார்த்து, "தட்ஸ் சோ பெர்ஃபெக்ட்" என்றார்கள். அதற்குப் பிறகு எதிரணிக்காரன் ஒவ்வொரு முறை பெட்டிக்குள் போகும்போதும் அந்த இரண்டு பெண்களும், "மறியல், மறியல்" என்று கத்தினார்கள். சுற்றி நின்ற நாலைந்து வெள்ளைக்காரப் பெடியங்களும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து கத்தினார்கள். அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அன்றைய ஆட்டத்தில் தோற்றோம். அந்தச் சுற்றிலும் தோற்றோம். அன்று வீட்டுக்குத் திரும்ப ரயிலுக்கு நடக்கையில் அவர், சனம் நடக்கிற சத்தத்தைக் கேட்டு, "தோத்த நடைதான், ஆனா பழைய தோல்வி நடை இல்லை" என்றார். அக்கா, "சரி சரி, தொப்பியைப் போடுங்கோ" என்றார்.

பிறகு மகளுக்கு ஒட்டாவாவிலேயே வேலையும் வீடும் அமைந்து, அண்ணையும் அக்காவும் அங்கே போய்விட்டார்கள். வெக்ஸ்போர்ட் வீட்டை விற்றுவிட்டார்கள். ஒட்டாவாவுக்கும் ஒரு அணி இருக்கிறது. எங்கள் அணிக்கும் அதற்கும் ஆகாது. அண்ணை போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எதிரியின்ரை ஊருக்குள்ளை இருந்து கதைக்கிறன். மெல்லச் சொல்லு" என்பார்.

ஒரு வருடம் எங்கள் அணி பிளே ஓஃபுக்கே தகுதி பெறவில்லை. ஏப்ரல் வெறுமையாக வந்தது. மாலையில் வேலையால் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரும் போனில் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மே முழுக்க அப்படியே போனது. ஜூனில் ஒருநாள் பின்னேரம் போன் வந்தது.

"தங்கச்சி, இண்டைக்குக் கடைசி ஆட்டமாம். ஆரோ ரெண்டு பேர் விளையாடுகினம். பாப்பமோ?"

"ஆருக்காகப் பாக்கிற அண்ணை?"

"ஆருக்காகவும் இல்லை. விளையாட்டைச் சொல்லு."

போனைக் கோப்பைக்குச் சாய்த்துவைத்துச் சொன்னேன். எந்தப் பக்கமும் இல்லாமல் பார்ப்பது ஒரு தனிச் சுகம் என்று அன்றுதான் கண்டேன். இரண்டு கோலிகளையும் புகழ்ந்தேன். யார் அடித்தாலும் அண்ணை, "நல்ல அடி" என்றார். ஆட்டம் முடிந்தது, வென்றவர்கள் கையுறைகளையும் தலைக்கவசங்களையும் எறிந்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் போனை வைக்கப் போனேன்.

"வையாதை. கிண்ணம் குடுக்கப் போறாங்கள் எல்லே? அதைச் சொல்லு. கண் தெரிஞ்ச காலத்திலையும் நான் அதைப் பாத்ததில்லை. எங்கடை ஆக்கள் தோத்த கையோடை டிவியை நிப்பாட்டிப்போடுவன்."

சொன்னேன். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைவன் வாங்கினான். வாயெல்லாம் பல், முன்பல் ஒன்று இல்லை. தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சறுக்கினான். பிறகு அணியிலேயே வயதுகூடியவனிடம் கொடுத்தான். அவன் அதை முத்தமிட்டான்.

"பாரமோ?"

"பாரம்தான் போல. கை நடுங்குது."

"மறுகா?" என்றார் அண்ணை.

மறுகா அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் அழுதுகொண்டே சுற்றினான். அடுத்தவன் தாடிக்காரன். அடுத்தவன் தன் சின்ன மகளை ஒரு கையிலும் கிண்ணத்தை மறு கையிலும் பிடிக்கப் பார்த்து, முடியாமல் மகளைக் கீழே விட்டான். இருபதுக்கு மேற்பட்டவர்கள். கணவர் சாப்பாட்டைச் சூடாக்கி எனக்கும் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் இருந்து தன்னுடையதைச் சாப்பிட்டார். நான் ஒருவரையும் விடவில்லை. அந்த வருடம் ஒரு நிமிடம்கூட விளையாடாத இரண்டாவது கோலி வரைக்கும் சொன்னேன். அவனும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான்.